திட்ட மாட்டோம்

மச்சான் மெத்தை விற்பவர். வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானம், விற்பனைக்கு வைத்திருந்த மெத்தையிலேயே சாய்ந்துகொண்டு, தன் கடைக்கு ஒரு வலைத்தளம் செய்தார். யாரையும் கேட்கவில்லை. அதற்கென்றே இருக்கும் ஒரு செயலியில் படங்களை இழுத்துப் போட்டார். எழுத்துகளைத் தட்டினார். பச்சைப் பொத்தானை அமுக்கினார். டீ ஆறுவதற்குள் தளம் வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒன்று செய்து கொடுத்தார். கால்நடை டாக்டரம்மாவுக்கு ஒன்று. சவப்பெட்டி செய்பவருக்கு ஒன்று. மெத்தை வாங்குபவர்களுக்குத் தலையணை இலவசம் என்பது கடையின் வழக்கம். தலையணை இருக்கிறது என்றவர்களுக்கு வலைத்தளம் இலவசம் என்றாகிவிட்டது.

கண்ணாடிக் கடைக்காரரும் டாக்டரம்மாவும் அதுவரை அவனுடைய வாடிக்கையாளர்கள். அவன் மச்சானின் தங்கையைக் கட்டியவன். வலைத்தளம் வடிவமைப்பது அவன் தொழில். படித்துவிட்டுச் செய்கிறான்.

"மாப்பிள்ளை, கோவமா?" என்றார் மச்சான், அவன் வேலை செய்யும் முன்னறைக்குள் எட்டிப் பார்த்து.

"இல்ல மச்சான்."

"இல்லன்னு சொல்ற மூஞ்சி இப்படி இருக்காது. குத்தம் இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

"டாக்டரம்மா சைட்ல நாய்க்குட்டி படத்துக்குக் கீழ 'இன்று அடுப்பிலிருந்து'ன்னு இருக்கு."

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "அது பேக்கரி டெம்ப்ளேட். அந்த ஒரு வரி மட்டும் அழிய மாட்டேங்குது. விடுங்க, நாய்க்குப் படிக்கவா தெரியும்?"

"சவப்பெட்டி சைட்ல ஆர்டர் கொடுத்தா கலர் பேப்பர் மழையா கொட்டுது. வாழ்த்துகள், நல்ல முடிவு எடுத்திருக்கீங்கன்னு வருது."

"கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டுமேன்னு விட்டேன்."

அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மச்சானும் சிரித்தார். வாடிக்கையாளர்கள் திரும்பி வரவில்லை.

அறையில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றை அவன் இப்போதெல்லாம் போடுவதே இல்லை. ஒரு திரைக்கான வேலைதான் இருந்தது, அதுவும் மெலிந்துகொண்டே போனது. அந்தச் சமயத்தில்தான் மச்சான் பயன்படுத்தும் செயலியைச் செய்த நிறுவனமே அவனைக் கூப்பிட்டது. டெம்ப்ளேட் வரைந்து தர ஆள் வேண்டும். மாதச் சம்பளம். அடுத்த மாதக் கடைசிக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை பதில் சொன்னால் போதும்.

வேலை என்னவென்றால், யாரென்று தெரியாத ஒருவருக்கு, என்ன தொழில் என்று தெரியாத ஒரு கடைக்கு, முகப்பு வரைய வேண்டும். மேலே ஒரு படம். நடுவில் ஒரு பொத்தான். பேக்கரிக்கும் பொருந்த வேண்டும், நாய்க்கும் பொருந்த வேண்டும்.

"சம்பளம் வருதுல்ல?" என்றாள் மனைவி.

"வரும்."

"அப்புறம் ஏன் பல்லுவலி வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

வேலையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரின் இடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது அவன் வழக்கம். கண்ணாடிக் கடையில் ஒரு நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்திருக்கிறான். யார் வருகிறார்கள், வாசலில் எதற்குத் தயங்குகிறார்கள், வாய் திறந்தால் முதலில் என்ன கேட்கிறார்கள். அதிலிருந்துதான் தளம் வரும். டெம்ப்ளேட் வரைபவன் எங்கே போய் உட்காருவது?

மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரே கார். கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக். அவளுக்கு ஒரு தளம் செய்து தருவதாகக் கல்யாணமான புதிதில் வாக்குக் கொடுத்திருந்தான். முதல் வருடம் நிறம் தேர்ந்தெடுத்தான். அடுத்த வருடம் அந்த நிறம் பிடிக்கவில்லை. பிறகு எழுத்துரு பார்த்தான். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மச்சான் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்துவிட்டார்.

"பாப்பா, இங்க பாரு" என்று போனை நீட்டினார். நடனப் பள்ளிக்கான டெம்ப்ளேட். சுருட்டை முடிக்காரன் ஒருவன் இரண்டு கைகளையும் முன்னே நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆட வாருங்கள் என்று அழைக்கும் கைகள். மச்சான் படத்தை இடுப்போடு வெட்டி, கைகளுக்கு நடுவே ஒரு ஸ்டியரிங்கை ஒட்டியிருந்தார்.

"யாருண்ணா இது?"

"யாரோ. ஆனா நம்பிக்கையா இருக்கான்ல?"

"என் ஸ்கூல்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

"உன் படத்தப் போட்டா பயந்துடுவாங்க பாப்பா."

அவள் அண்ணனின் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் படத்தில் ஸ்டியரிங் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் செஞ்சு தரேன்" என்றான்.

"எந்த வருஷம்?" என்றார் மச்சான்.

அங்கேதான் பந்தயம் பிறந்தது. வகுத்தவள் மனைவி. இரண்டு தளமும் ஒரு மாதம் இருக்கட்டும். அண்ணன் தளத்தில் அவளுடைய சிவப்பு போனின் எண். கணவன் தளத்தில் அவளுடைய கறுப்பு போனின் எண். எந்த போன் அதிகம் அடிக்கிறதோ அந்தத் தளம் நிற்கும், மற்றது போகும். தளத்தை வெளியிட்ட பிறகு இரண்டு பேரும் அதில் கை வைக்கக் கூடாது. எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

"எட்டிப் பார்த்தா என்ன?" என்றார் மச்சான்.

"நீ மணிக்கொரு தரம் எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்ப்ப. இவர் உள்ள போனா நிறத்த மாத்துவாரு."

இரண்டும் உண்மை. ஒத்துக்கொண்டார்கள்.

அன்றிரவு அவன் தனக்குள் அந்தப் பந்தயத்தோடு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டான். பெண்டாட்டியின் பள்ளிக்கே தன்னால் ஆள் கொண்டுவர முடியவில்லை என்றால் திங்கட்கிழமை அந்த நிறுவனத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவது. அதை அவளிடமும் சொன்னான். அவள் தலையாட்டினாள். சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவன் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளைக்கு வேலைப் பைத்தியம் ரொம்ப முத்திப்போச்சு" என்றார் மச்சான், கடை வாசலில் நின்று கார் போவதைப் பார்த்து. "சைட் போடச் சொன்னா ஊர் சுத்துறாரு."

பின் சீட்டில் அவன் வாயைத் திறக்கவில்லை. முன்னால் ஒரு பெரியம்மா கியரைக் கரகரவென்று இழுத்தார். பிறகு ஒரு வங்கி அதிகாரி வந்தார். குதிகால் உயர்ந்த செருப்போடு வந்து, அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார். பிறகு ஒரு கல்லூரிப் பெண். தபால் நிலையத்தின் முன்வாசலில் நிற்கச் சொன்னதாக நினைத்து அங்கேயே நின்றிருந்தாள். கார் பின்வாசலில் காத்திருந்தது.

கட்டணம் எவ்வளவு என்று புதிதாக வந்தவர்கள் யாரும் முதலில் கேட்கவில்லை. சீட் பெல்ட்டைப் போட்டதும், ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன், குரலைத் தாழ்த்தி ஒன்றைத்தான் கேட்டார்கள்.

"திட்டுவீங்களா?"

"சேச்சே" என்பாள் அவள்.

வீட்டில் அவள் குரலைக் கேட்டுப் பழகியவனுக்கு அது புதிய செய்தி. கவனித்தான். உண்மையாகவே திட்டவில்லை. பெரியம்மா ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றியபோதுகூட, "பரவாயில்லம்மா, இப்போ மெதுவா வெளிய வந்துருவோம்" என்றாள். காலால் தன் பக்கத்துப் பிரேக்கை அமுக்கியபடி சொன்னாள்.

அந்த வாரமே தளத்தை முடித்தான். அவனே நம்பவில்லை. படமே இல்லை. மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: திட்ட மாட்டோம். அதன் கீழே: பிரேக் இரண்டு உண்டு, ஒன்று எங்களிடம். பிறகு, தட்டையான செருப்பு போட்டு வாருங்கள். தபால் நிலையத்தின் பின்வாசலில் நில்லுங்கள். பின்வாசல் எது என்பதற்கு ஒரு சின்ன வரைபடம். கட்டணம். காலியாக உள்ள நேரங்கள். வேண்டியதைத் தொட்டால் அது ஓசையில்லாமல் மனைவியின் அட்டவணையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியிட்டான். கையைக் கட்டிக்கொண்டான்.

இரண்டு போன்களும் சமையலறையில் பிரிட்ஜின் மேல் அருகருகே இருந்தன. வேலைக்குப் போகும்போது அவள் இரண்டையும் எடுத்துப் போவாள். வந்ததும் வைப்பாள்.

சிவப்பு போன் முதல் நாளே அடித்தது. மறுநாளும் அடித்தது. சாப்பிடும்போது அடித்தது, குளிக்கும்போது அடித்தது. காரில் அடித்தபோது பெரியம்மா பதறிப்போய் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"ஹலோ, டிரைவிங் ஸ்கூல்ங்களா? அந்தச் சுருட்டை முடி சார் இருக்காரா?"

"லீவுல இருக்கார். நான்தான் சொல்லித் தரேன்."

"எப்போ வருவாரு?"

இன்னொன்று: "ஜோடியா வந்தா சலுகைன்னு போட்டிருக்கே. எங்க மாமியாரோட வரலாமா?"

சலுகை நடனப் பள்ளியுடையது. மச்சானால் அந்த வரியையும் அழிக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓட்ட முடியாதுங்க" என்றாள்.

"நான் ஓட்டறேன். அவங்க எப்படியும் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க. இப்பவே பழகிடலாம்னுதான்."

எங்கே நிற்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு, எப்போது. ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் அவள் ஒரு பெருமூச்சு விட்டு, போனில் எதையோ தட்டுவாள். பிறகு வைப்பாள்.

கறுப்பு போன் அடிக்கவில்லை.

அவன் அதற்குச் சார்ஜ் போட்டான். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஒரு நாள் தன் போனிலிருந்து அதற்கு அடித்துப் பார்த்தான். அது அடித்தது. குளியலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, நீங்க கூப்பிட்டா கணக்குல வராது."

மச்சான் தினமும் மாலை கடையைச் சாத்திவிட்டு வந்தார். பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் மேலே பார்ப்பார்.

"கறுப்பு நல்லாத் தூங்குது மாப்பிள்ளை. நம்ம மெத்தை ஒண்ணு கொண்டு வரவா?"

"நக்கல் வேண்டாம் மச்சான்."

"சைலண்ட்ல கிடக்கான்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்ப வேற ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார் மச்சான். குரலில் இரக்கம் இருந்தது. அது நக்கலைவிட மோசமாக இருந்தது.

பள்ளிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கார் காலையில் போனால் மாலையில்தான் திரும்பியது. அவன் ஜன்னலிலிருந்து பார்த்தான். ஸ்டியரிங் பிடித்திருந்த ஒவ்வொரு புதிய முகமும் சுருட்டை முடிக்காரனைப் பார்த்து வந்த முகம் என்று நினைத்துக்கொண்டான்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, நிறுவனம் கேட்டிருந்த மாதிரி டெம்ப்ளேட்டை வரைய உட்கார்ந்தான். காலை வெயில் மேசையில் விழுந்தது. புதிய கோப்பைத் திறந்தான். விரல்கள் தாமாக முதல் வரியைத் தட்டின.

எந்தத் தளத்தை ஆரம்பித்தாலும் அவன் முதலில் எழுதும் வரி அது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இணையத்தில் தேடுகிறவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் காட்டும் தேடுபொறிகளுக்கு மட்டும் தெரியும். இது இன்னும் முடியவில்லை, இதை யாருக்கும் காட்டாதே என்று அவற்றுக்குச் சொல்லும் வரி. அரைகுறை வேலை வெளியே தெரியக் கூடாது என்று தொழில்காரர்கள் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

விரல்கள் நின்றன.

எழுந்து தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். எட்டிப் பார்க்கக் கூடாது என்பது பந்தயம். எட்டிப் பார்த்தான்.

வரி அங்கேயே இருந்தது.

ஒரு மாதமாக உலகத்தில் யார் தேடினாலும் காட்டாதே, காட்டாதே என்று அவன் தளம் சொல்லிக்கொண்டிருந்தது. மச்சானுக்கு இந்தத் தவறு வரவே வராது. அப்படி ஒரு வரி இருப்பதே அவருக்குத் தெரியாது. இதைச் செய்ய ஒருவன் படித்திருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டால் தோற்றவனாக இருக்கலாம். நல்ல தளம்தான், உலகம் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டு டெம்ப்ளேட் வரையலாம். சொன்னால் மச்சான் சாகும்வரை சிரிப்பார். மெத்தை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் கேக்கோடு வந்தார். கக்கத்தில் ஒரு தலையணை.

"கேக் ஜெயிச்சவனுக்கு. தலையணை தோத்தவருக்கு. ஒண்ணாம் நம்பர் பஞ்சு மாப்பிள்ளை, எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க."

அவன் தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். தாழ்ப்பாளைப் பற்றி, அது எதற்கு என்பதைப் பற்றி, அதை எடுக்க மறந்ததைப் பற்றி.

மச்சான் கேக் வெட்டும் கத்தியோடு நின்றார்.

"புரியல. ஒரு மாசமா உங்க கடை பூட்டியா இருந்துச்சு?"

"ஆமா."

"உள்ளயிருந்து?"

"ஆமா மச்சான்."

"பூட்டினது நீங்களே?"

மச்சான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரக் கொஞ்ச நேரமானது. கண்களைத் துடைத்துக்கொண்டார், மறுபடி தொடங்கினார். அவன் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி சிரிக்கவில்லை. கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதான் கறுப்பு போன் அடிக்கலையா?" என்றாள். "நான் வேற நினைச்சேன்."

"என்ன நினைச்ச?"

"அதப் பார்த்தவங்களுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல, அதனால கூப்பிடலன்னு."

"பார்த்தவங்களா? யாரும் பார்த்திருக்க முடியாதே."

"எல்லாரும் பார்த்திருக்காங்க. நான்தானே அனுப்பினேன்."

மச்சானின் சிரிப்பு நின்றது.

"முதல் ரெண்டு நாள் வாய் வலிக்கப் பதில் சொன்னேன்" என்றாள். "முடியல. வண்டியில ஆள் இருக்கும்போது யாருக்காவது செருப்பு பத்தி விளக்கிட்டிருக்க முடியுமா? சிவப்பு போன்ல யார் கூப்பிட்டாலும் இவரோட லிங்க்க அனுப்பிட்டு வெச்சிடுவேன். அதுக்கப்புறம் அவங்க ஒருத்தரும் கூப்பிடல. நேரத்த அவங்களே எடுத்துக்கறாங்க. தட்டைச் செருப்போட பின்வாசல்ல நிக்கறாங்க. வண்டியில ஏறினா திட்டுவீங்களான்னு கேக்கறதுகூட இல்ல."

தாழ்ப்பாள் தேடுபொறிக்கு மட்டும்தான், லிங்க் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது.

"அப்ப என் ஆளுங்களையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளி விட்டியா பாப்பா?"

"உன் ஆளுங்களா? சுருட்டைத் தலையனோட ஆளுங்க."

"அப்பவும் போன் அடிச்சது எனக்குத்தான். பந்தயம் போன்தானே?"

"போன்ல நீதான் ஜெயிச்ச. கேக்க வெட்டு."

மச்சான் வெட்டினார். முதல் துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தின்றுவிட்டு அவனைப் பார்த்தார்.

"இப்ப அந்த வரிய எடுத்துட்டா உங்களோடது மேல வந்துடுமா?"

"தெரியாது மச்சான். உடனே வராது. வரும்."

"எடுக்காதீங்க" என்றாள் மனைவி. "வந்தா கறுப்பும் அடிக்க ஆரம்பிச்சிடும்."

"அடிக்காது. நீதானே இப்ப சொன்ன, கேக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லன்னு?"

அவள் அதை யோசித்தாள். "சரி, எடுங்க. ஆனா அண்ணனோடதும் இருக்கட்டும். அதுல போன் நம்பர எடுத்துட்டு ஒரே ஒரு பொத்தான் போடுங்க, அமுக்கினா இங்க வர்ற மாதிரி."

"அப்ப நம்ம சுருட்டை?" என்றார் மச்சான்.

"அவன் வாசல்ல நிக்கட்டும். கூப்பிடறதுக்கு நல்லாத்தான் இருக்கான்."

மச்சான் இரண்டாவது துண்டை எடுத்தார். எதையோ சொல்லத் தயங்குகிறவர்போல் அதன் மேலிருந்த செர்ரியை ஓரமாக ஒதுக்கினார்.

"மாப்பிள்ளை, அந்த 'இன்று அடுப்பிலிருந்து' எப்படி எடுக்கறது? டாக்டரம்மா நேத்து கடைக்கே வந்துட்டாங்க. யாரோ பூனையைத் தூக்கிட்டு வந்து அவங்ககிட்ட சண்டை போட்டிருக்காங்க."

"அது ஒரு வரி இல்ல மச்சான். அந்த சைட்டே பேக்கரிதான்."

"அப்ப புதுசா செய்யணுமா?"

"நான் போய் உட்கார்ந்து பார்க்கணும்."

"அங்க பின் சீட் இல்லையே."

"பெஞ்சு இருக்கு. நாய்களோட உட்காருறேன்."

"சொல்லிடறேன்" என்றார் மச்சான். "இலவசம் என்னோட போச்சு, உங்களுக்குக் காசு தரணும்னும் சொல்லிடறேன். அவங்களுக்குக் கடன்பட்டது நான்தான், நீங்க இல்ல. நான் அவங்களுக்கு வித்த மெத்தையும் நல்ல மெத்தை இல்ல."

மனைவி கணவனைப் பார்த்தாள். "நாளைக்குத் திங்கட்கிழமை. அந்தக் கம்பெனிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"முடிக்காத சைட் ஒண்ணு இருக்குன்னு."

"எதுன்னு கேட்டா?"

"பெண்டாட்டியோடதுன்னு சொல்றேன். நிறம் இன்னும் சரியா வரல."

அவள் தலையணையை அவன் மடியிலிருந்து பிடுங்கி அவன் தலையிலேயே அடித்தாள். மேசையில் இருந்த தண்ணீர் சாய்ந்தது. அது அண்ணன் கையை அங்கே வைத்ததால்தான் என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். எருமை மாதிரி உட்கார்ந்திருக்கிறாய், துணி எடு, அந்தத் துணி இல்லை, கண் எங்கே இருக்கிறது. குரல் தெருவுக்குக் கேட்டது.

சிவப்பு போன் அடித்தது. அவள் கை ஈரமாக இருந்தது. அவன் எடுத்தான்.

"ஹலோ, டிரைவிங் ஸ்கூலா? சுருட்டை முடி சார் பேசறீங்களா?"

"அவர் டான்ஸ் பக்கம் போயிட்டார். நீங்க வாங்க, மேடம் சொல்லித் தருவாங்க."

மறுமுனையில் ஒரு தயக்கம். பிறகு தாழ்ந்த குரல்.

"பின்னாடி யாரோ கத்தற மாதிரி கேக்குது. மேடம் திட்டுவாங்களா?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ஈரத் துணியை அண்ணன் மேல் எறிந்துகொண்டிருந்தாள்.

"வண்டிக்குள்ள திட்ட மாட்டாங்க" என்றான்.